ஆளுக்கு ஆள் வேறு கோடு

பார்லர் தொழிலில் கத்தரிக்கோல் மழுங்குவதற்கு முன்னால் எங்கள் வாய் மழுங்கிவிடும், நாற்காலியில் சாய்ந்த மறு நிமிஷமே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கோடு எதுக்கு வந்துச்சு, எப்பப் போகும்?"

மதுரை தல்லாகுளத்தில் ஒரு சந்து. மாடிப்படி ஏறினால் வருகிற இரண்டு அறையில் பதினெட்டு வருஷமாக லேடீஸ் பார்லர் நடத்துகிறேன். கூட வேலை பார்க்க ஜரீனா இருக்கிறாள். புருவம் திருத்த வருகிறவர்கள், கல்யாணத்துக்கு முகம் தயார் பண்ண வருகிறவர்கள், சும்மா ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கிடக்க வருகிறவர்கள் என்று எல்லா முகமும் என் விரலுக்கு அடியில் வந்து போயிருக்கிறது. இன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலால் கன்னத்தை மேலே இழுத்து, 'இப்படியே நின்றால் எப்படி இருக்கும்' என்று ஏங்கினீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி. எனக்கும் நாற்பத்தாறு முடிந்துவிட்டது.

தோலுக்கு அடியில் மெல்லிய நார்ப் பின்னல் ஒன்று இருக்கிறது. புது உள்பாவாடையின் எலாஸ்டிக் மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். வருஷம் போகப் போக அது தளர்ந்துபோகிறது. மடிந்த இடம் மடிந்தபடியே நின்றுவிடுகிறது. இது எல்லாருக்கும் பொது. ஆனால் எங்கே மடியும், எந்தப் பக்கம் மடியும், எவ்வளவு சீக்கிரம் மடியும் என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அதில் சிலதை இங்கே சொல்கிறேன்.

இடது கன்னம் மட்டும்

கலா மேடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஐம்பது வயதுக்குப் பக்கம். ஒரு சனிக்கிழமை வேகமாகப் படியேறி வந்தவர், பையைக் கூடக் கீழே வைக்காமல் முகத்தைத் திருப்பிக் காட்டினார். வலது கன்னம் பளிச்சென்று இருந்தது. இடது கன்னத்தில் மட்டும் காதுக்குப் பக்கத்திலிருந்து வாய் வரைக்கும் சாய்வாக இரண்டு கோடுகள். "ஒரு பக்கம் மட்டும் வருதுன்னா ஏதோ நரம்புக் கோளாறுன்னு ஆபீஸ்ல பயமுறுத்துறாங்கம்மா. பக்கவாதம் வரப் போறதுக்கு முன்னால இப்படித்தான் வருமாம்" என்றார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

சிரிப்பால் வருகிற கோடு வாயைச் சுற்றி வளைந்து போகும். இது வளையவில்லை, இஸ்திரி போடும்போது தவறி விழுகிற மடிப்பு மாதிரி நேராகக் கிடந்தது. வாயை இரண்டு பக்கமும் இழுத்துச் சிரிக்கச் சொன்னேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் போனது. "மேடம், எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவீங்க?" என்று கேட்டேன். "இடது பக்கம்தான். கல்யாணமான நாள்லேருந்தே அப்படித்தான்" என்றார். முகத்தைத் தலையணையில் அழுத்தித் தூங்கினால் தோல் மணிக்கணக்கில் மடிந்து கிடக்கும், சின்ன வயதில் காலையில் எழுந்ததும் சரியாகிவிடும், நம் வயதில் அது அப்படியே தங்கிவிடும், வேறொன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. "மல்லாக்கப் படுத்துப் பாருங்க, இல்லன்னா இன்னொரு பக்கம் திரும்பிப் படுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வலது பக்கம் எப்படித் திரும்புறது, அங்கதான எங்க வீட்டுக்காரர் குறட்டை விடுறார்! அப்ப இந்தக் கோடு என்னோடதே இல்லம்மா, அவரோடது."

பத்து நிமிஷத் தங்கச்சி

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் அம்மா முத்துலட்சுமி, சித்தி முத்துமாரி. இருவரும் இரட்டைப் பிறவி, பத்து நிமிஷம்தான் வித்தியாசம் என்று மணப்பெண் சொன்னபோது ஜரீனா நூலை வாயில் கடித்தபடியே அப்படியே நின்றுவிட்டாள். அதே மூக்கு, அதே நெற்றி, அதே காது மடல். ஆனால் முத்துமாரிக்குப் பத்து வயது கூடுதல் என்று யாரும் சத்தியம் பண்ணுவார்கள். முத்துலட்சுமி டவுனில் வாக்கப்பட்டுப் புருஷனோடு ஜவுளிக்கடையில் நிழலில் உட்கார்ந்தவர். முத்துமாரி நெல்லும் கடலையுமாக முப்பது வருஷம் வயலில் நின்றவர்.

முத்துமாரியைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண் ஓரத்தைப் பார்த்தேன். விசிறி விரித்த மாதிரி கோடுகள். முகம் ஓய்வாக இருக்கும்போது அந்தக் கோட்டுக்கு உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வேலை செய்ததில் மடிப்புக்கு வெளியே கறுத்திருக்கிறது, மடிப்புக்கு உள்ளே வெயிலே படவில்லை. பிறந்தபோது இருந்த நிறம் அந்தக் கோடுகளுக்குள் மட்டும் பத்திரமாக இருந்தது. தோலின் நாரை வெயில் அளவுக்கு வேறெதுவும் அறுப்பதில்லை. அக்காவும் தங்கச்சியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். வெயில்தான் ஆளுக்கு வேறாக இருந்தது. இதை எப்படிச் சொன்னால் அவர் மனது நோகாது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அந்தக் கவலையே இல்லை. எழுந்து உட்கார்ந்து, அக்காவையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டு வருசம் இவளை அக்கான்னு கூப்புட்டு அலுத்துப் போச்சு. இப்ப பஸ்ல ஏறுனா எனக்குத்தான் இடம் குடுக்குறாய்ங்க, இவ நின்னுகிட்டு வாரா."

செவ்வாய்க்கிழமை வந்தவர்

எங்கள் பார்லரில் ஆண்களுக்கு இடமில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒருவர் வந்திருக்கிறார், அதுவும் கடைக்கு லீவு நாளான செவ்வாய்க்கிழமையில். அவர் பவித்ரா என்கிற வேறொரு மணப்பெண்ணின் அப்பா பாண்டி அண்ணன். டவுன் பஸ் டிரைவர். பெண்ணுக்கு மேக்கப் பேச வந்த நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, எம் முகத்துக்கும் ஏதாவது செய்ய முடியுமா? டிப்போவுல தெரிஞ்சா ஓட்டியே கொன்றுவாய்ங்க" என்று கெஞ்சினார். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் ஆபீஸ் வேலைக்காரர்கள், பெண்ணுக்குப் பக்கத்தில் தான் நின்றால் நன்றாக இருக்காது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

லைட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடது பக்கத்தில் ஐம்பத்தாறு வயது மனிதர் ஒருவர் இருந்தார். வலது பக்கத்தில் அவருடைய அண்ணன் இருந்தார். டிரைவர் சீட்டு வலது பக்கம். ஜன்னல் வழியாக அத்தனை வருஷ வெயிலும் அந்தக் கன்னத்திலேயே விழுந்திருக்கிறது. தோல் தடித்து, குறுக்கும் நெடுக்கும் ஆழமான கோடுகள். மசாஜ் பண்ண ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிப் போனார். தூக்கத்தில் வலது கால் அடிக்கடி பிரேக்கை அழுத்தியது. எழுந்து கண்ணாடியைப் பார்த்தார். முகம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் வலது கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. "ஒரு நாள்ல போற கோடு இல்லண்ணே" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "சரி விடும்மா, போட்டோவுல இடது பக்கத்தைக் காட்டி நின்னுக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். கல்யாண மேடையில் எந்தப் பக்கம் நிறுத்தினாலும் அவர் கழுத்து கோணிக்கொண்டு போனது. போட்டோக்காரர் நாலு தடவை சொல்லிப் பார்த்துச் சலித்துக்கொண்டார். பவித்ரா என்னைப் பார்த்தாள். என் கண் அவர் கன்னத்துக்குப் போய்விட்டது போலிருக்கிறது. அவள் எழுந்தாள். மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து அப்பாவின் வலது பக்கம் நின்று, அந்தக் கன்னத்தில் தன் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தப் பக்கத்தை வெயில்ல காட்டித்தானப்பா என்னையப் படிக்க வச்சீங்க, போட்டோவுக்கும் இதையே காட்டுங்க."

இளைத்த இடம்

இது சின்னச் சம்பவம். சாந்தி என்று ஒரு கஸ்டமர், எனக்குச் சிநேகிதியும்கூட. ஆறு மாதம் சோற்றை விட்டு, காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்து, நன்றாக இளைத்தாள். பழைய சுடிதார் எல்லாம் தொளதொளவென்று ஆனது. சந்தோஷமாக வந்து உட்கார்ந்தவள் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினாள். மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இரண்டு பள்ளம், கண்ணுக்குக் கீழே ஒரு தொய்வு. கன்னத்துக் கொழுப்பு என்பது உள்ளே வைத்த தலையணை மாதிரி, அது இருக்கிறவரை உறை விறைப்பாக நிற்கும், வேகமாகக் கரைந்தால் உறை தொய்ந்துவிடும் என்று சொன்னேன். சுகர் குறைந்திருக்கிறது, முட்டிவலி போயிருக்கிறது, அதற்காகக் கொஞ்சம் கன்னம் போனால் என்ன என்று சமாதானமும் சொன்னேன். அவள் சமாதானமாகிற மாதிரி இல்லை. இடுப்பைக் கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இங்கருந்து போன்னு சொன்னா அங்கருந்து போகுது. எங்க வீட்டுல எம் பேச்சை யாருமே கேக்க மாட்டாங்கன்னு தெரியும், கொழுப்புமாடி கேக்காது?"

ராணி டீச்சரின் உதடு

ராணி டீச்சருக்கு அவனியாபுரம். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததில் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை அங்கேயே லேத் பட்டறை வைத்திருக்கிறவர். அவருக்கும் நாற்பத்திரண்டு. பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், பிறகு பத்து நாள் பேச்சே இல்லை. கடைசியில் தரகர் மூலமாக வந்த சேதி இதுதான்: மாப்பிள்ளையின் பெரியம்மா, 'பொண்ணு உதட்டைப் பாத்தா சிகரெட் குடிக்கிற உதடு மாதிரி இருக்கே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை வீடு முழுக்க நின்றுவிட்டது.

டீச்சர் என்னிடம் வந்தது அழுவதற்கு இல்லை, சண்டை போடுவதற்கு. "ஞாயித்துக்கிழமை மறுபடி வாராங்க. அதுக்குள்ள இதை எடுங்க" என்று மேலுதட்டைக் காட்டினார். உண்மைதான், மூக்குக்குக் கீழே உதட்டை நோக்கிச் செங்குத்தாக ஏழெட்டுக் கோடுகள். புகை பிடிக்கிறவர்களுக்கு இப்படி வரும். உதட்டை ஓயாமல் குவிக்கிற யாருக்கும் வரும். "டீச்சர், நாள் முழுக்க உதட்டைக் குவிச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். என்னை முறைத்தார். பிறகு மெதுவாகக் கைப்பையைத் திறந்து, கறுப்புக் கயிறு கட்டிய விசில் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். பதினேழு வருஷமாகக் காலையில் பிரேயரிலிருந்து சாயங்காலம் கபடி வரைக்கும் ஊதியது. "நான் எடுத்தா பத்து நாள்ல திரும்ப வந்துரும், இதை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காபி கொடுத்து முடித்ததும், பெரியம்மாவுக்கு நேரே நின்று, பள்ளி மைதானத்தில் ஊதுகிற மாதிரியே நீளமாக ஊதியிருக்கிறார். தெருவில் போன ஷேர் ஆட்டோ நின்றுவிட்டதாம். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான், பெரியம்மா கடைசியில். இப்போது கல்யாணமாகி மூன்று வருஷம், சந்தோஷமாக இருக்கிறார்கள். போன மாதம் புருவத்துக்குத் த்ரெட்டிங் பண்ண வந்தபோது அந்தப் பேச்சு வந்தது. டீச்சர் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பதினேழு வருசமா ஊதுனது எந்த மாப்பிள்ளை காதுலயும் விழலை, கோடா விழுந்தப்புறம்தான் விழுந்துச்சு."

நான் செய்த தப்பு

இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியக்காரி இல்லை. கடை ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த நேரம். தொழில் பிடிபட்டுவிட்டது என்கிற மிதப்பு. தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிற மகேஸ்வரி அக்கா, தன் மகனின் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால் வந்தார். "ஒரு கோடு தெரியக்கூடாது" என்றார். "தெரியாது" என்றேன். தோல் உரிக்கிற ஒரு க்ரீமைப் போட்டு, அது போதாதென்று அன்றைக்கே ப்ளீச்சும் பண்ணிவிட்டேன். இரண்டையும் ஒரே நாளில் செய்யக்கூடாது என்று படிப்பில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அன்று என் கைக்கு அது ஞாபகம் வரவில்லை. மறுநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது, அழுகைதான் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கன்னம், நெற்றி, கண்ணுக்குக் கீழே எங்கே பார்த்தாலும் கோடை காலத்துக் கண்மாய் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்புக் கோடுகள். ஐம்பது வயதுக்காரரை ஒரே நாளில் அறுபத்தைந்தாக்கிவிட்டேன்.

அவர் வர மறுத்தார். கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றித் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு அக்காவை விட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "முகத்தோட எண்ணெய்ப் பசையையே உரிச்சு எடுத்திருக்கீங்க. இது வயசுக் கோடு இல்ல, வறட்சிக் கோடு. வயசுக் கோடு ஒரு மடிப்பா ஆழமா நிக்கும், இது வலை மாதிரி மேலாக நிக்கும். ஈரம் திரும்பினா போயிரும். சோப்பு கிடையாது, வெயில் கிடையாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, இந்தக் க்ரீமைத் தவிர வேற எதையும் தொடாதீங்க." 'தொடாதீங்க' என்பதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு அது தேவைதான்.

நாலு நாளும் காலையில் கடை திறக்கும் முன்னால் அவர் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். முதல் நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் "உள்ள வா" என்றார். மூன்றாம் நாள் கண்ணுக்குக் கீழே வலை கலைந்திருந்தது. நிச்சயதார்த்தத்தன்று காலையில் பார்த்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டிருந்தது, பழைய கோடுகளோடு. அந்தப் பழைய கோடுகளைப் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை எந்த அழகியைப் பார்த்தும் பட்டதில்லை. மகேஸ்வரி அக்கா என் முகத்தை மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலு நாளா நீ பதறுன பதட்டத்துல உன் முகத்துல ரெண்டு கூடிருச்சு. உக்காரு, மிச்சக் க்ரீமை உனக்குத் தடவி விடுறேன்."

பதினொன்று

சிம்மக்கல்லிலிருந்து வருகிற நித்யாவுக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. த்ரெட்டிங் பண்ணும்போது எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். அவளுக்கு நூலை எடுத்த பிறகும் நிற்கவில்லை. "எங்க அத்தை வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லக்கா. ஆனா நான் எதிர்ல வந்தாலே முறைக்கிறாங்க. சோறு போட்டா முறைக்கிறாங்க, கோலம் போட்டா முறைக்கிறாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியலை. தனியாப் போயிருவோம்னு அவர்கிட்ட சொல்லப் போறேன்." பஞ்சை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். கேட்கத்தான் முடிந்தது.

பத்து நாள் கழித்து ஓர் அம்மா வந்தார். சரோஜா என்று பெயர், சிம்மக்கல்லில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவர். இரண்டு புருவத்துக்கும் நடுவில் பதினொன்று என்று எழுதிய மாதிரி ஆழமாக இரண்டு கோடுகள். "இதை எடுத்து விடும்மா. ஊரே என்னையக் கோவக்காரிங்குது. புதுசா வந்த மருமககூட எம் முகத்தைப் பாத்தாலே ரூமுக்குள்ள போயிருது. எனக்கு ஒரே மகன், பொண்ணு இல்லாத வீடு, இவ கூடப் பேசிக்கிட்டு இருக்கலாம்னு அம்புட்டு ஆசையா இருந்தேன்." மருமகள் பெயரைக் கேட்டேன். சொன்னார். நித்யாதான். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் பக்கத்திலிருந்த ஃபேஸ் பேக் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது ஒத்துக்குமான்னு படிச்சுப் பாருங்க" என்றேன். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், புருவம் இரண்டும் நெருங்கி வந்து முட்டிக்கொண்டன. பதினொன்று இன்னும் ஆழமானது. "சுவத்துல அந்தக் காலண்டர்ல என்ன மாசம்மா?" என்றேன். அதற்கும் அதே முறைப்பு.

"கண்ணு டெஸ்ட் பண்ணி எம்புட்டு நாளாச்சு?" என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பண்ணியதே இல்லை. கண்ணாடி போட்டால் 'வயசாயிருச்சு, தையலை விடு' என்று மகன் சொல்லிவிடுவான் என்று பயம். அந்தத் தையல் மிஷின்தான் புருஷன் போன பிறகு அவரைத் தூக்கி நிறுத்தியது. அதனால் ஐந்தாறு வருஷமாகப் புருவத்தைச் சுருக்கிச் சுருக்கியே ஊசியில் நூல் கோத்திருக்கிறார், அதே சுருக்கத்தோடு மருமகளையும் பார்த்திருக்கிறார். "எம் பார்லருக்குத் தர்ற நேரத்தைக் கண் ஆஸ்பத்திரிக்குக் குடுங்க. மருமகளையே துணைக்குக் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க" என்று, முகத்தைத் தொடாமலே அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் சேர்ந்து படியேறி வந்தார்கள். கோடு அப்படியேதான் இருந்தது, அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த முறைப்பு போயிருந்தது. சரோஜா அம்மா புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, மருமகளைக் காட்டி என்னிடம் சொன்னார்: "சிரிச்சா இந்தப் புள்ளைக்குக் கன்னத்துல குழி விழுகுதும்மா! நாலு மாசமா இதைப் பாக்காம ஒரே வீட்டுக்குள்ள இருந்துருக்கேன்."

என் நெற்றி

ஊர் முகத்தையெல்லாம் பார்த்தாயிற்று. என் முகத்தை யார் பார்ப்பது? போன பிறந்தநாளன்று மத்தியானம் ஆள் வராத நேரத்தில் கட்டிலில் படுத்து, "இன்னைக்கு நான்தான் கஸ்டமர்" என்று ஜரீனாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே குஷி. நான் பண்ணுகிற மாதிரியே விளக்கை இழுத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, "எந்தப் பக்கம் படுப்பீங்க மேடம்? வெயில்ல போவீங்களா மேடம்?" என்று ஆரம்பித்தாள். கண் ஓரத்தில் சிரிப்புக் கோடு, பரவாயில்லை என்றாள். கழுத்தில் இரண்டு, போனைக் குனிந்து பார்ப்பதால் என்றாள். நெற்றிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. குறுக்காக, கோடு போட்ட நோட்டு மாதிரி. "யா அல்லா" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. எல்லாருடைய கோட்டுக்கும் காரணம் சொன்னவள் என் நெற்றியை மட்டும் கண்ணாடியில் பார்த்தால் முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். "சும்மா சொல்லு, எதனால?" என்றேன். அவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு கோடாக எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுச் சொன்னாள்: "நாலு இருக்குக்கா. மேல இருக்க மூணும் வந்தவங்க கதையைக் கேட்டுக் கேட்டுப் புருவத்தைத் தூக்குனது, அடியில இருக்க சின்னது மட்டும் நான் லேட்டா வந்தது."

சிரிக்கவும் மாட்டேன், முறைக்கவும் மாட்டேன், வெயிலில் இறங்கவும் மாட்டேன், தலையணையில் சாயவும் மாட்டேன் என்கிற ஒரு முகம் என்றைக்காவது படியேறி வந்தால் அதற்கு நான் செய்ய ஒரு வேலையும் இருக்காது, பேச ஒரு பேச்சும் இருக்காது என்பதால், கடவுள் புண்ணியத்தில் எல்லாருக்கும் கோடு விழுந்துகொண்டே இருக்கட்டும்.